லோவில் வைத்துக் கேட்ட பாட்டு

சீடருக்கு வயது அறுபத்து நான்கு. குருவுக்கு முப்பத்தாறு.

சீடர் பெயர் சபாநாயகம். திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் லைன் சோதித்தவர். கரகரவென்று ஒரு சத்தம் வந்தால் போதும், எந்தத் தெருவில் எந்தக் கம்பத்தில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். பாதி நாள் அது சரியாகவும் இருக்கும். அதனால் தன் காதைப் பற்றி அவருக்கு ஒரு பெருமை. கொஞ்சநஞ்சப் பெருமை இல்லை. கல்யாண வீட்டில் மேளக்காரர்களைக்கூட விட்டுவைக்க மாட்டார்.

குரு பெயர் பூங்கோதை. உறையூரில் ஒரு தையல் கடைக்கு மேலே மாடியறையில் ஒலிப்பதிவு செய்து பிழைத்தவர். சனிக்கிழமை காலைகளில் நாலைந்து பேரை உட்காரவைத்துக் கேட்கக் கற்றுக்கொடுத்தார். பாடக் கற்றுக்கொடுக்க ஊரில் தெருவுக்கு ஒருவர் உண்டு. கேட்கக் கற்றுக்கொடுத்தது இவர் ஒருவர்தான்.

சபாநாயகம் அங்கே சேர்ந்தது தனக்குத் தெரிந்ததை நாலு பேர் முன்னால் காட்டிக்கொள்ளத்தான். முதல் நாள் குருவை “ஏம்மா” என்று கூப்பிட்டார். மூன்றாம் வாரம் குரு ஒரு மழைச் சத்தத்தைப் போட்டு, எங்கே பெய்கிறது என்று கேட்டார். சபாநாயகம் கண்ணை மூடிக்கொண்டு, ஓலைக் கூரை என்றார். பிறகு வாழைத் தோப்பு என்றார். அது வாணலியில் அப்பளம் பொரிகிற சத்தம். அன்றிலிருந்து “டீச்சர்” என்று கூப்பிட ஆரம்பித்தார்.

இந்தக் கதை நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

காலை பத்து மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. குரு வறுத்த கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். சபாநாயகம் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் போல நின்றார்.

“வாங்க சார். இன்னிக்கு வகுப்பு இல்லையே.”

“தெரியும் டீச்சர். ஒரு கேள்வி.”

“உக்காந்து கேளுங்க.”

உட்கார்ந்தார். கேள்வியை பஸ்ஸில் வரும்போதே நாலு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தார். எது தன்னைக் காட்டிக்கொடுக்காதோ அதைக் கேட்டார்.

“கம்ப்யூட்டர்ல பாட்டு கேக்கும்போது ஒலித்தரம்னு ஒரு இடம் இருக்கே. லோ, நார்மல், ஹை, வெரி ஹைன்னு. அதுல எதுல வெச்சா சரி?”

“யாருக்கு?”

“பொதுவாத்தான் கேக்கறேன்.”

“பொதுவா கேக்கறதுக்கா இந்த வெயில்ல பஸ் ஏறி வந்தீங்க?”

சபாநாயகம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டை இறக்கவில்லை.

“நீங்க எதுல வெச்சிருக்கீங்க?” என்று குரு கேட்டார்.

“லோ.”

அந்த ஒரு சொல்லுக்குள் அவர் குரல் உள்ளே போய்விட்டது.

“ஏன்?”

“போன்லேருந்து நெட் எடுத்து கம்ப்யூட்டருக்குக் குடுக்கறேன். மத்தியானத்துக்குள்ள தீந்துபோயிடுது. போன வருஷம் மழைக்காலத்துல குறைச்சு வெச்சேன். அப்புறம் அதுவே பழகிடுச்சு. குரல் மட்டும் தனியா, சுத்தமா கேக்குது டீச்சர். பின்னால இரைச்சல் எதுவும் இல்ல. எங்க எக்ஸ்சேஞ்சு லைன் மாதிரி.”

“நல்லாத்தானே இருக்கு. அப்புறம் என்ன கேள்வி?”

சபாநாயகம் தரையைப் பார்த்தார். கீழே தையல் கடையில் மெஷின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

“ஒருத்தங்க பாட்டைக் கேட்டேன். கேட்டுட்டு ஒண்ணு சொல்லிட்டேன். நேத்து பாத்தா, கம்ப்யூட்டர் லோவுல இருக்கு. அதான் ஒரு சந்தேகம்.”

“யார் பாட்டு?”

“தெரிஞ்சவங்க.”

“ஹையில வெச்சு மறுபடி கேட்டீங்களா?”

“இல்ல.”

“ஏன்? ஒரு சொடுக்குதானே.”

சபாநாயகம் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். குரு வற்புறுத்தவில்லை. அடுத்த கடலையை உடைத்தார்.

தெரிந்தவர் என்று அவர் சொன்னது கூடப் பிறந்த தங்கையை. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவருக்கு வராததால் நாம்தான் சொல்லியாக வேண்டும்.

தங்கை பெயர் தையல்நாயகி. துறையூரில் இருக்கிறாள். அவள் கணவர் கலியபெருமாள் திருச்சிக்கும் துறையூருக்கும் இடையே இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். ஹாரனைவிடக் குரல் பெரிசு என்று அந்த ரூட்டில் அவரைக் கேலி செய்வார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் குளித்துவிட்டு வந்தவர் அப்படியே சாய்ந்தார். பிழைத்துக்கொண்டார். வலது கையும் பேச்சும் போய்விட்டன.

தையல்நாயகி தானே ஒரு பாட்டுக் கட்டினாள். அவர் ஓட்டிய பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, பாலம் ஏறி, வயல் தாண்டி, துறையூர் போய்ச் சேருகிற பாட்டு. அவள் மகள் கயல்விழி அதைப் பதிவுசெய்து, எல்லோரும் கேட்கிற ஓர் இணையதளத்தில் போட்டு, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவைத்தாள். அண்ணன் முதலில் கேட்க வேண்டும் என்று தையல்நாயகிக்கு ஆசை. அண்ணன் காது தங்கக் காது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அண்ணனும் கேட்டார். கேட்ட மறுநாள் துறையூரில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் பக்கத்து இலைக்காரர், “தங்கச்சி பாட்டு எப்படி இருக்கு, கேட்டீங்களா?” என்று வாயைக் கிளறினார்.

“பாட்டா அது? துறையூர் பஸ்ஸு. ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிக்குது. ஆள் ஏறினாத்தான் நகருவேங்குது” என்றார் சபாநாயகம்.

வரிசையே சிரித்தது. எதிர் வரிசையில் தையல்நாயகி கணவருக்கு ஸ்பூனால் ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பூன் பாதியில் நின்றது. பிறகு மறுபடி ஊட்ட ஆரம்பித்தாள். சபாநாயகம் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பாயசம் இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டார்.

அந்தப் பாயசம் நேற்றுதான் அவருக்குத் தொண்டையில் சிக்கியது.

நேற்று கயல்விழி போன் செய்தாள். பந்தியில் நடந்தது அவளுக்குத் தெரியாது. “அம்மா அந்தப் பாட்டை எடுத்துடச் சொல்லுது மாமா. ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுத்தாகணுமாம். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது. எடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை நல்லா கேட்டுடுங்க. உங்களுக்காகத்தான் அனுப்பினதே” என்றாள். பிறகு தன் அப்பாவைப் பற்றியும் ஒன்று சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து சபாநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்தார். லோ என்று இருந்தது. உயர்த்திக் கேட்கத் தைரியம் வரவில்லை. தைரியம் வராமல்தான் மறுநாள் காலையில் உறையூருக்கு வந்து உட்கார்ந்து, பொதுவாகக் கேட்கிறேன் என்றார்.

குரு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒரு தாளும் பென்சிலும் கொண்டுவந்து சபாநாயகத்தின் முன்னால் வைத்தார்.

“அந்தப் பாட்டு எங்க இருக்குன்னு காட்டுங்க. முதல்ல லோவுல போடறேன். கேக்கறதை எழுதுங்க.”

சபாநாயகம் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நாலு நிமிஷப் பாட்டு. தங்கையின் குரல் வீட்டில் கேட்டது போலவே வந்தது. மெலிசாக, நடுவில் உடைகிற குரல். ஒவ்வோர் அடியின் முடிவிலும் அவள் நிறுத்திக்கொண்டு, கடைசிச் சொல்லைப் பிடித்து இழுத்தாள். இழுத்து இழுத்து, போதும் போதும் என்று ஆன பிறகுதான் அடுத்த அடிக்குப் போனாள்.

அவர் எழுதினார். யோசிக்க வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் எல்லாம் ஏற்கெனவே சொன்னதுதான். குரல் சுமார். அடிதோறும் இழுவை. தாளம் நிற்கிறது. மூச்சுப் பற்றவில்லை.

குரு அதைப் படிக்கவில்லை. மடித்து மேஜை மேல் வைத்தார். பாட்டு முடிந்து, தானாக மறுபடியும் ஓட ஆரம்பித்திருந்தது.

“இப்ப நீங்களே மாத்துங்க.”

சபாநாயகம் மவுஸைப் பிடித்தார். ஹையைத் தாண்டி வெரி ஹைக்கே கொண்டுபோய் வைத்தார். வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதே குரல். அதே இழுவை. அதே உடைசல்.

ஓர் அடி கேட்டார். இரண்டு அடி கேட்டார். பாதிப் பாட்டு கேட்டார்.

ஹெட்போனைக் கழற்றினார்.

“ஒரு வித்தியாசமும் இல்ல டீச்சர்.”

“அப்படியா?”

“லோவுல என்னவோ அதேதான். அப்ப நான் சொன்னதுல தப்பு இல்ல. சொன்ன இடம் வேணா தப்பா இருக்கலாம். சொன்ன விஷயம் சரிதான்.”

அவருக்குச் சிரிப்புகூட வந்தது. நேற்று மத்தியானத்துக்குப் பிறகு இப்போதுதான் பசித்தது. கேட்காமலே கை நீட்டி ஒரு கடலையை எடுத்தார். ஒரு மனிதனுக்குத் தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் உடனே பசிக்கும்போலிருக்கிறது.

குரு சொன்னார்: “பாட்டு ஓடிக்கிட்டிருக்கும்போது மாத்தினா மாறாது சார். முன்னாடியே வந்து சேந்தது பழைய தரத்துலதான் ஓடும். நிறுத்திட்டு முதல்லேருந்து போடுங்க.”

கடலை கையிலேயே இருந்தது.

“முதல்லேருந்தா?”

“ஆமா. முதல்லேருந்து.”

போட்டார்.

பாட்டு வருவதற்கு முன்னால் ஒரு வீடு வந்தது. மின்விசிறி சுற்றுகிற சத்தம். எங்கோ குக்கர். யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். பிறகு தங்கை பாடினாள். பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. பாலம் ஏறி இறங்கியாச்சு என்று பாடி, கடைசிச் சொல்லைப் பிடித்து இழுத்தாள்.

இழுவைக்கு அடியில் ஏதோ ஒன்று முனகியது.

சபாநாயகத்தின் முப்பத்தைந்து வருஷம் விழித்துக்கொண்டது. ஒரு லைனில் இன்னொரு குரல் கலந்தால் எக்ஸ்சேஞ்சில் அதற்குக் கிராஸ் டாக் என்று பெயர். அது பழுது. கண்டுபிடித்து அறுக்க வேண்டியது.

“டீச்சர், பதிவுலயே கோளாறு இருக்கு. பின்னால வேற குரல் ஒண்ணு கலக்குது.”

“என்ன சொல்லுது அந்தக் குரல்?”

“அது... அது வெறும் கலப்படம். அதுல என்னத்தைச் சொல்ல?”

“மறுபடி முதல்லேருந்து போடுங்க.”

போட்டார். இந்த முறை தங்கையை விட்டுவிட்டு அடியில் இருந்த குரலின் பின்னால் போனார். அது குளறியது. நாக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட குரல். டோ, என்றது. நின்றது. டோல், என்றது. தையல்நாயகி இழுத்துக்கொண்டே இருந்தாள். கே, என்றது. கேட்டு, என்றது. டோல்கேட்டு. பாலம் தாண்டி வருகிற ஸ்டாப்.

அவள் அடுத்த அடிக்குப் போனாள்.

அடுத்த அடியின் முடிவில் நொச்சியம் வந்தது. பாதிதான் வந்தது. அவள் அதை ஏற்றிக்கொண்டு நகர்ந்தாள். மண்ணச்சநல்லூர் பெரிய பேர். அதற்கு அவள் இழுத்த இழுப்பில் குரல் உடைந்தது. உடைந்த குரலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். திருவெள்ளறை வந்தது. புலிவலம் வரவில்லை. பு, பு, என்று அந்தக் குரல் முட்டிக்கொண்டு நின்றது. அவளுக்கு மூச்சு தீர்ந்துபோனது. இன்னொரு மூச்சு வாங்கிக்கொண்டு அதே சொல்லை மறுபடி பிடித்தாள். மறுபடி தீர்ந்தது. மூன்றாவது மூச்சில் புலிவலம் வந்தது.

துறையூர் என்கிற கடைசிச் சொல்லை அந்தக் குரல் தெளிவாகவே சொன்னது.

பாட்டு முடிந்தது. சபாநாயகம் ஹெட்போனைக் கழற்றவில்லை. உள்ளே ஒரு சத்தமும் இல்லாதபோதும் அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். கழற்றினால் குருவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

குரு மடித்த தாளை அவர் பக்கம் தள்ளினார்.

தன் கையெழுத்தைப் படித்தார். குரல் சுமார். அடிதோறும் இழுவை. தாளம் நிற்கிறது. மூச்சுப் பற்றவில்லை. எழுத்து அழகாக இருந்தது. அவருக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. பந்தியில் சிரித்த அத்தனை பேரும் இப்போது இந்த அறையில் வந்து உட்கார்ந்துகொண்டு தன்னையே பார்ப்பது போலக் கூசியது.

“தெரிஞ்சவங்க இல்ல டீச்சர். என் தங்கச்சி.”

“ம்.”

“அந்தக் குரல் எங்க மாப்பிள்ளை.”

அதன் பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். காதுகுத்தைச் சொன்னார். பஸ் கதையைச் சொன்னார். ஸ்பூன் நின்றதைச் சொன்னார். பாயசத்தை விட்டுவிடலாமா என்று நினைத்து, அதையும் சொன்னார்.

“அதுக்கப்புறம் என் தங்கச்சி பாடவே இல்லையாம். தினம் சாயங்காலம் அவரை உக்காரவெச்சு அந்தப் பாட்டைப் பாடுவாளாம். பேச வராதவருக்குப் பாட்டுல சேந்து வருமாம். கொஞ்சம் கொஞ்சமா ஸ்டாப் பேர்லாம் வந்துச்சாம். அவர் குரல் இந்தப் பதிவுலயே இருக்குன்னு மட்டும் யாரும் சொல்லல. பாட்டைக் கேட்டு நானே கண்டுபிடிச்சுச் சந்தோஷப்படணும்னு அவ சொல்லாம வெச்சிருந்திருக்கா.”

“இப்ப அவர் எப்படி இருக்கார்?”

“வாயைத் திறக்கறதில்ல. பேச்சை விடுங்க, ஒரு முனகல்கூட இல்லையாம். அவர் வாயிலேருந்து சத்தம் வந்து நாப்பது நாள் ஆச்சு. காதுகுத்து முடிஞ்சும் நாப்பது நாள் ஆச்சு. பொண்ணு ரெண்டையும் சேத்துப் பாக்கல. நான் பாத்தேன்.”

கீழே மெஷின் நின்றிருந்தது. யாரோ துணி அளந்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

சபாநாயகத்துக்குத் திடீரென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அது கம்ப்யூட்டர் மேல் போய் விழுந்தது.

“லோவுல வெச்சா அவர் குரல் எப்படி டீச்சர் காணாமப்போகும்? பாட்டுல இருக்கறதுதானே வரணும்?”

“குறைஞ்ச இடத்துல அடைக்கணுமில்ல. ஒரே நேரத்துல ஒரு பெரிய சத்தமும் ஒரு சின்ன சத்தமும் வந்தா, சின்னது எப்படியும் யார் காதுலயும் விழாதுன்னு முடிவு பண்ணி அதை விட்டுடும்.”

“அதுவா எப்படி முடிவு பண்ணலாம்? யாரைக் கேட்டு முடிவு பண்ணுச்சு?”

குரு தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

“பந்தியில அவர் எதிர் வரிசையிலதானே இருந்தார்?”

“ஆமா.”

“பாட்டு எப்படி இருக்குன்னு அவரை யாராவது கேட்டாங்களா?”

“அவரையா? அவருக்குத்தான் பேச...”

சபாநாயகம் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதியைச் சொன்னதற்கே அவருக்கு வெட்கமாக இருந்தது.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“காலையிலேயே ஒரு மெசேஜ் எழுதி வெச்சேன். அனுப்பலாமான்னு உங்ககிட்ட கேட்டுட்டு...”

“படிங்க.”

படித்தார். “அன்புள்ள தையல், என் கம்ப்யூட்டரில் ஒலித்தரம் லோவில் இருந்துவிட்டது. அதனால் உன் பாட்டு எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அன்று சொன்னதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். பாட்டை எடுக்காதே. இப்படிக்கு அண்ணன்.”

“காதுகுத்துல பேசினது கம்ப்யூட்டரா சார்?”

சபாநாயகம் போனைப் பார்த்தார். எழுதியதைக் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தார். அண்ணன் போனார். பாட்டு போனது. லோ போனது. அன்புள்ள தையல் என்பது மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு எதை எழுதுவது என்று தெரியவில்லை.

“நான் இப்ப என்ன செய்யணும் டீச்சர்?”

“துறையூருக்கு பஸ் இருக்கா?”

“அரை மணிக்கு ஒண்ணு இருக்கு.”

“போங்க.”

“போய்? அவ கால்ல விழணுமா? அவ என்னைவிட ஏழு வயசு சின்னவ. ஊர்ல யாரும் செய்ய மாட்டாங்க. பரவாயில்ல, விழறேன்.”

“அண்ணன் தன் கால்ல விழுந்தா அவங்க பதறிடுவாங்க. அப்புறம் உங்களைத் தேத்தற வேலையும் அவங்க தலையிலதான் விழும்.”

“அப்ப, பாட்டு நல்லா இருக்குன்னு சொல்லவா?”

“சொன்னா நம்புவாங்களா?”

நம்ப மாட்டாள். சின்ன வயசிலிருந்தே அவள் அப்படித்தான். ஒரு முறை சுட்ட சட்டியை மறுபடி தொடமாட்டாள்.

“பாடுன்னு கேட்டாலும் இனிமே பாட மாட்டா டீச்சர். எனக்குத் தெரியும்.”

“அவங்க பாட வேண்டாம். நீங்க பாடுங்க.”

“நானா?”

“ஸ்டாப் பேரெல்லாம் தெரியுமில்ல?”

“தெரியும்.”

“மாப்பிள்ளை முன்னால நாற்காலியைப் போட்டு உக்காருங்க. பாலத்துலேருந்து ஆரம்பிங்க. ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நில்லுங்க. ஆள் ஏறினதும் நகருங்க.”

தான் பந்தியில் சொன்ன வார்த்தை குருவின் வாயிலிருந்து திரும்பி வந்ததும் சபாநாயகத்துக்குத் தலை குனிந்துவிட்டது. குரு அதைக் கேலியாகச் சொல்லவில்லை. வழி சொல்வது போலத்தான் சொன்னார். அதனால் இன்னும் கூசியது.

“டீச்சர், எனக்குப் பாட வராது.”

“தெரியும்.”

“சும்மா அடக்கத்துக்குச் சொல்லல. சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. பள்ளிக்கூடத்துல கடவுள் வாழ்த்து பாடும்போது என்னை மட்டும் வாத்தியார் வாயை அசைச்சா போதும்னு சொல்லிட்டார். அதுக்கப்புறம் இன்னிவரைக்கும் நான் வாயைத் திறந்து ஒரு வரி பாடினது கிடையாது. என் பொண்டாட்டிகூடக் கேட்டதில்ல.”

குரு மேஜை மேல் சிதறிக் கிடந்த கடலைத் தோலைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தார்.

“ஊரையே குறை சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச ஆள் நான். அடுத்தவங்க பாட்டைப் பத்தி என் வாயிலேருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்ல. இப்ப நான் போய் அந்த வீட்டு நடுக்கூடத்துல உக்காந்து, தங்கச்சி முன்னால, அவ பொண்ணு முன்னால பாடினா...”

இருமிக்கொண்டார்.

“மானம் போயிடும் டீச்சர். மாப்பிள்ளையே சிரிச்சிடுவார்.”

குரு அவர் எழுதிய தாளை எடுத்துக் கூம்பாகச் சுருட்டினார். கூட்டிய கடலைத் தோலை அதற்குள் தள்ளி, வாயை மடித்து மூடினார்.

“சிரிக்கட்டுமே சார். அவர் வாயிலேருந்து சத்தம் வந்து நாப்பது நாள் ஆச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க.”